பழைய உறுதியைத் தொடாத திருத்தம்

யாழ்ப்பாணத்தில் ஒரு காணி உறுதியில் பிழை இருப்பது தெரியவந்தால், அந்த உறுதியில் யாரும் கை வைப்பதில்லை. வடக்கெல்லையில் ஒழுங்கை என்று வரவேண்டிய இடத்தில் அயலவரின் வளவு என்று விழுந்திருக்கலாம். மூன்று பரப்பு ஒன்பது குழி என்பது மூன்று பரப்பு ஆறு குழியாகியிருக்கலாம். நொத்தாரிசு செய்வது ஒன்றுதான்: பிழைதிருத்த உறுதி என்று இன்னொன்றை எழுதுவார். இன்ன இலக்கத்தில், இன்ன திகதியில் முடிக்கப்பட்ட உறுதியின் அட்டவணையில் இப்படி எழுதப்பட்டுள்ளது, அது இப்படி இருந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். பழையதும் புதியதும் காணிப் பதிவகத்தில் இருக்கும். நாளைக்கு அந்தக் காணியை வாங்க வருபவர் இரண்டையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

கணினித் துறை இதே கேள்வியோடு நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறது. ஒழுங்காக அடுக்கப்பட்ட தரவு ஒன்று இருக்கிறது. அதன் பழைய வடிவத்தைக் குலைக்காமல் அதில் ஒரு மாற்றத்தைச் செய்வது எப்படி? செய்த மாற்றத்தை மீளப்பெறுவது எப்படி? இன்று கைபேசியில் எழுதும் ஒரு கடிதத்திலிருந்து வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது. இரண்டு உலகங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எழுதுவினைஞர்களும் நொத்தாரிசுகளும் எவ்வளவு தூரம் போயிருந்தார்கள் என்பது தெரியும். அவர்கள் எங்கே முட்டிக்கொண்டு நின்றார்களோ, கணினியும் பெரும்பாலும் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

காணியைப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் குடாநாட்டுக்குப் பழையது. போர்த்துக்கேயர் 1645இல் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குத் தோம்பு என்ற காணிப் பதிவேடு ஒன்றை எழுதினார்கள். 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரும் தோம்பு முறையைத் தொடர்ந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் தொகுக்கும் வேலை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸிடம் கொடுக்கப்பட்டது. அவர் எழுதியதைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி சொன்னார்கள். 1707இல் முடிந்த அந்தத் தொகுப்புக்கு 1806இல் பிரித்தானியர் சட்ட வலு கொடுத்தார்கள். காணிக் கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் நடக்கவேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. நொத்தாரிசுகளின் கடமையை 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும், பதிவகத்தின் கடமையை 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டமும் வகுத்தன. இன்றும் சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ ஓர் உறுதி முடியும்போது இந்த மூன்று சட்டங்களும் மேசையில் இருக்கின்றன.

அந்த மேசைக்குச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். உறுதி மூன்று பிரதியாக எழுதப்படுகிறது. மூலப்பிரதி காணிக்காரரிடம் போகும். இரண்டாம் பிரதி பதிவகத்துக்குப் போகும். மூன்றாவது நொத்தாரிசின் சொந்தத் தொகுப்பில் இருக்கும். கையெழுத்து வைக்குமுன் தட்டச்சில் ஒரு சொல் வெட்டப்பட்டிருந்தால்கூட அதைச் சும்மா விடமுடியாது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில், எந்தச் சொல் வெட்டப்பட்டது, எது இடையில் எழுதப்பட்டது என்பதை உறுதியின் முடிவில் வரும் அத்தாட்சியில் நொத்தாரிசு தன் கையெழுத்தோடு சொல்லவேண்டும். வெட்டிய சொல் வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். மை பூசி மறைத்தால் அந்த உறுதியின் மேல் சந்தேகம் விழும். கையெழுத்துக்கு முன் நடந்த திருத்தமே இவ்வளவு கவனமாகப் பதிவாகிறது என்றால், பின் நடக்கும் திருத்தத்துக்குத் தனி உறுதி கேட்பதில் வியப்பில்லை.

பதிவகத்தின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. ஒரு காணிக்கு ஒரு தொகுதியில் ஒரு பக்கம். விற்பனை, சீதனம், நன்கொடை, ஈடு என்று அந்தக் காணியைத் தொடும் ஒவ்வோர் உறுதியும் அந்தப் பக்கத்தில் வந்த ஒழுங்கில் கீழே கீழே சேரும். ஈடு மீட்கப்பட்டால் ஈட்டு வரியை யாரும் அழிப்பதில்லை. மீட்டதற்கான பதிவு தனியாக ஏறும். பக்கம் நிரம்பினால் புதிய தொகுதியில் புதிய பக்கம் தொடங்கும். பழைய பக்கத்தின் அடியில் எங்கே போனது என்றும், புதிய பக்கத்தின் தலையில் எங்கிருந்து வந்தது என்றும் இலக்கங்கள் இருக்கும். தகப்பனின் பதினாறு பரப்பு நான்கு பிள்ளைகளுக்குப் பிரிந்தால் நான்கு புதிய பக்கங்கள் பிறக்கும். நான்கும் ஒரே தாய்ப்பக்கத்தைக் கைகாட்டும். தாய்ப்பக்கத்தில் இருப்பதை நான்கு தரம் பிரதிபண்ண வேண்டியதில்லை.

இந்தக் கடைசி வரியில் இருப்பதுதான் கணினி அறிஞர்கள் பின்னாளில் கண்டடைந்த உத்தி.

கணினியின் இயல்பான பழக்கம் வேறு. நினைவகத்தில் ஓரிடத்தில் 6 இருக்கிறது. அங்கே 9 எழுதினால் 6 போய்விட்டது. நினைவகம் பொன்னாக இருந்த காலத்தில் இதுவே சிக்கனம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுத் தரவையும் பிரதிபண்ணினால் பழையது தப்பும். ஆனால் பத்து இலட்சம் வரிகள் உள்ள பட்டியலில் ஓர் எழுத்தை மாற்றப் பத்து இலட்சம் வரிகளையும் பிரதிபண்ணுவது எந்தக் காலத்திலும் கட்டுப்படியாகாது. 1986இல் டிரிஸ்கல், சர்னக், ஸ்லீட்டர், டார்ஜான் என்ற நால்வரும் சேர்ந்து ஓர் ஆய்வுரையில் இதற்குப் பொதுவான வழியைக் காட்டினார்கள். இந்த வகையில் எளிய உத்தி ஒன்று: தரவைக் கிளைகளாக அடுக்கி வைத்தால், மாறிய இலையிலிருந்து வேர் வரை உள்ள பாதையை மட்டும் புதிதாக எழுதினால் போதும். மற்றக் கிளைகள் எல்லாம் பழையதுக்கும் புதியதுக்கும் பொது. பழைய வேரைப் பிடித்தால் பழைய மரம் முழுதாகக் கிடைக்கும். புதிய வேரைப் பிடித்தால் புதிய மரம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் பலம் விளங்கும். ஒவ்வொரு கணுவிலும் 32 கிளைகள் என்று வைத்தால், நான்கே படிகளில் 32 × 32 × 32 × 32 = 10,48,576 இலைகள். அதில் ஒன்றை மாற்ற நான்கு கணுக்களைப் புதிதாக எழுதினால் போதும். பில் பாக்வெல் 2000ஆம் ஆண்டையொட்டி வகுத்த கிளை அமைப்பை எடுத்து, ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்ட குளோஜர் மொழி இந்த 32 கிளைக் கணக்கிலேயே தன் பட்டியல்களைக் கட்டியது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்ற மென்பொருளும் அதே குடும்பம்தான்: ஒவ்வொரு சேமிப்பும் முழு நிலையின் படம், மாறாத கோப்புகள் படங்களுக்குள் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு படமும் தன் முன்னோரைப் பெயர் சொல்லிக் காட்டும், காணிப் பதிவகத்தின் புதிய பக்கம் பழைய பக்கத்தைக் காட்டுவதுபோல.

மாற்றத்தை மீளப்பெறுவது எப்படி என்பதில்தான் விடயம் சிக்கலாகிறது. பழைய நிலையை முழுதாக வைத்திருந்தால், திரும்பிப் போவது சுலபம். ஆனால் பல இடங்களில் நிலை கைக்கு வராது. மாற்றம் மட்டும்தான் வரும். ஒரு கணினி இன்னொரு கணினிக்கு இந்த இடத்தில் இதை மாற்று என்று செய்தி அனுப்பும். 2013இல் தரமாக வெளியான ஜேசன் பட்ச் இதற்கென்றே அமைந்த ஒரு சிறு மொழி. சேர், நீக்கு, மாற்று, நகர்த்து, பிரதிபண்ணு, சோதி என்று ஆறு வினைகள். ஒன்று தவறினாலும் முழுத் தொகுப்பும் நடக்காததாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் விதி. அளந்து வகுத்த தரம்தான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. "மாற்று" என்ற கட்டளை புதிய பெறுமதியைச் சொல்லும், பழையதைச் சொல்லாது. "நீக்கு" என்பது எதை நீக்கியது என்று சொல்லாது. அந்தச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்ப முடியாது. பழைய நிலையையும் யாரோ வைத்திருக்க வேண்டும், அல்லது "சோதி" என்ற வினையை ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் போட்டு, இங்கே இருப்பது இதுதானா என்று கேட்டு, பழைய பெறுமதியை அந்த வழியால் எழுத்தில் ஏற்றவேண்டும்.

பிழைதிருத்த உறுதி இந்தக் குறையை முதலிலேயே தாண்டிவிட்டது. ஆறு குழி என்று இருந்தது, ஒன்பது குழி என்று வாசிக்கப்படவேண்டும் என்று இரண்டையும் அது சொல்கிறது. முன்னதையும் பின்னதையும் சேர்த்துச் சொல்லும் மாற்றத்தைத் திருப்பிப் பிடித்தால் அதுவே எதிர்மாற்றம். இணையப் பக்கங்களை எழுதுவோர் பயன்படுத்தும் இம்மர் என்ற நூலகம் செய்வதும் இதற்கு நெருக்கமானது: ஒரு மாற்றம் நடக்கும்போது முன்னோக்கிய கட்டளைகளையும் பின்னோக்கிய கட்டளைகளையும் ஒன்றாகவே எழுதிக் கொடுத்துவிடும். மாற்றம் நடக்கும் கணத்தில் பழையது கைவசம் இருக்கிறது. அப்போது எழுதாவிட்டால் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. புதிதாக ஒரு முறையை வகுக்கும் எவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, பழைய பெறுமதி எங்கே எழுதப்படுகிறது என்பதுதான்.

"சோதி" என்ற வினைக்கும் குடாநாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. தேசவழமையின்படி பங்குக் காணியில் தன் பங்கை விற்க விரும்புபவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அறிவித்தல் கொடுக்கவேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்கொள்வனவுச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. வாங்கும் விருப்பம் அவர்களுக்கு இல்லை என்று தெரிந்த பிறகே வெளியாருக்கு விற்கலாம். இந்தச் சோதனையைத் தாண்டாமல் எழுதிய விற்பனையை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

சட்டங்களே மாற்றக் கட்டளைகளாக எழுதப்படுபவைதாம். இன்ன பிரிவில் இன்ன சொற்களை நீக்கி இன்ன சொற்களை இடுக என்றுதான் திருத்தச் சட்டம் பேசும். மூலச் சட்டம் அச்சிட்டபடியே இருக்கும். 1707ஆம் ஆண்டுத் தேசவழமைத் தொகுப்பை எவரும் திருத்தி எழுதவில்லை. யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த திருத்தமும் அதன் மேல் வைக்கப்பட்டன. ஒரு வழக்கறிஞர் இன்று வாசிப்பது இவை எல்லாவற்றையும் மனத்துக்குள் ஒன்றாக்கிக் கிடைக்கும் ஒரு சட்டத்தை.

இலங்கை அரசியலமைப்பின் அண்மைக் கதை, மீளப்பெறுதல் என்பது என்ன என்று காட்டும் மிகத் தெளிவான பாடம். 2001இல் 17ஆவது திருத்தம், உயர் பதவி நியமனங்களை மேற்பார்க்கும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டுப் பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் மறுபடி பாராளுமன்றப் பேரவையை அமர்த்தியது. 2022இல் 21ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்புப் பேரவை மீண்டும் வந்தது. நான்கு முறை திரும்பினாலும் எந்தத் திரும்பலிலும் இலக்கம் குறையவில்லை. 17, 18, 19, 20, 21 என்று ஏறிக்கொண்டே போனது. 2015இல் வந்த பேரவை 2001இன் பேரவையே அல்ல, பெயர் ஒன்றென்றாலும் உறுப்பினர் அமைப்பு வேறு. இதற்குச் சட்டத்தில் ஒரு பழைய பொருள்கோடல் விதியும் துணை நிற்கிறது: ஒரு சட்டத்தை நீக்கிய சட்டத்தை நீக்கினால், முதலாவது சட்டம் தானாக உயிர்பெறாது. உயிர்பெற வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

மென்பொருள்கள் இந்த இடத்தில் பிரிந்து நிற்கின்றன. பெரும்பாலான எழுத்துச் செயலிகளில், ஐந்து படி பின்னால் போய் அங்கே ஒரு புதிய எழுத்தைத் தட்டினால் அந்த ஐந்து படிகளும் போய்விடும். இனி முன்னால் வரமுடியாது. செய்தவை ஓர் அடுக்கிலும் மீளப்பெற்றவை இன்னோர் அடுக்கிலும் இருக்க, புதிய செயல் இரண்டாவது அடுக்கைக் காலியாக்கிவிடுகிறது. எழுதுபவரின் உழைப்பை மௌனமாகத் தூக்கியெறியும் இந்த ஏற்பாடு இவ்வளவு காலம் பழக்கத்தில் இருப்பது கவலைக்குரியது. ஈமாக்ஸ் என்ற பழைய தொகுப்பி வேறு வழியில் போனது: மீளப்பெறுதலும் ஒரு செயலாகவே வரலாற்றின் முடிவில் சேரும், ஆகவே மீளப்பெற்றதையும் மீளப்பெறலாம். விம் தொகுப்பி 2006இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து கிளைகள் எல்லாவற்றையும் மரமாக வைத்திருக்கிறது. கிட் மென்பொருளிலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எதிர்மாற்றத்தைப் புதிய படமாகச் சேர்க்கும். மற்றது சுட்டியைப் பின்னுக்கு இழுத்து, நடந்ததை நடக்காததுபோல் ஆக்கும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இரண்டாவது வழி சண்டையில் முடிகிறது. மற்றவர்கள் அந்தப் படத்தின் மேல் ஏற்கெனவே கட்டத் தொடங்கியிருப்பார்கள்.

கடைசியாகச் செய்ததை மீளப்பெறுவது இலகு. நடுவில் உள்ள ஒன்றை மட்டும் உருவி எடுப்பதே உண்மையான சிக்கல். டேவிட் ரவுண்டி என்ற பௌதிகவியலாளர் 2003இல் வெளியிட்ட டார்க்ஸ் மென்பொருள் இதற்கு ஒரு கோட்பாட்டையே கட்டியது. இரண்டு மாற்றங்களின் ஒழுங்கை மாற்றினாலும் முடிவு ஒன்றாகவே வருமானால் அவை ஒன்றையொன்று தொடவில்லை. அப்போது முன்னதைப் பின்னுக்கு நகர்த்தி எடுத்துவிடலாம். ஒழுங்கை மாற்றமுடியாவிட்டால் பின்னது முன்னதில் தங்கியிருக்கிறது. முன்னதை எடுக்கப் பின்னதையும் எடுக்கவேண்டும்.

இதைக் காணியில் வைத்துப் பார்த்தால் எத்தனை குடும்பங்களின் வழக்கு இது என்று தெரியும். தாய் மகனுக்கு வீட்டையும் வளவையும் நன்கொடை எழுதுகிறார். மகன் வங்கியில் ஈடு வைக்கிறான். பிறகு ஒரு பாதியை விற்கிறான். அதன் பின் தாயைப் பராமரிக்காமல் விடுகிறான். தாய் நன்கொடையை மீளப்பெற விரும்புகிறார். மீளப்பெறமுடியாதது என்று எழுதப்பட்ட நன்கொடையைப் பெருநன்றிகேட்டின் பேரில் இரத்துச் செய்வதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றத்துக்கே அதிகாரம் கொடுக்கிறது. தாயே தனியாக ஓர் இரத்து உறுதி எழுதினால் போதாது. தங்கியிருக்கும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு நடுவர் வேண்டும் என்பதுதான் இதன் நியாயம். காசு கொடுத்து வாங்கியவரும் வங்கியும் என்ன குற்றம் செய்தார்கள்? அதனால்தான் வழக்குத் தொடுத்த கையோடு அந்த வழக்கைப் பதிவகத்தின் அதே பக்கத்தில் பதியவேண்டும் என்று அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் அவசரப்படுத்துகிறார்கள். அந்தப் பதிவு ஒன்றையும் மாற்றாது. இனி வருபவருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். நடுவில் உள்ள ஒன்றை எடுக்கப்போகிறோம், அதன் மேல் இன்னும் கட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை. கணினியில் இதற்கு இணையான ஏற்பாடு அரிதாகவே கண்ணில் படுகிறது. இருக்கவேண்டியது.

வேறொரு சிக்கலைப் போர் நம்மவர்களுக்குக் கற்பித்தது. ஓர் உறுதிக்கு இரண்டு திகதிகள். எழுதி முடித்த திகதி ஒன்று, பதிவகத்தில் ஏறிய திகதி இன்னொன்று. அமைதிக் காலத்தில் இரண்டுக்கும் இடையில் சில வாரங்கள். 1995 ஒக்ரோபர் 30இல் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, பெட்டிக்குள் உறுதியோடு போனவர்களுக்கு அந்த இடைவெளி ஆண்டுகளாக நீண்டிருக்கும். அதற்குள் அதே காணிக்கு வேறொருவர் காசு கொடுத்து வாங்கிய உறுதியை முதலில் பதிந்துவிட்டால், முன்னுரிமை பதிவு ஒழுங்கைத் தழுவியது என்பது 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. எது எப்போது நடந்தது என்பதும், அது நடந்ததாக எப்போது ஏட்டில் ஏறியது என்பதும் வெவ்வேறு. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் நீதி செய்யமுடியாது. தரவுத்தள உலகம் இந்த இரண்டு காலங்களையும் தன் எஸ்.கியூ.எல். தரத்துக்குள் கொண்டுவந்தது 2011இல்தான்.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இதே கவலையிலிருந்து பிறந்தது. பத்து ஆண்டுகள் இடையறாமல் ஆண்டவருக்குக் காணி உரித்தாகும் என்பது 1871ஆம் ஆண்டின் விதி. இடம்பெயர்ந்து, வழக்குப் போட வழியில்லாமல் இருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று புதிய சட்டம் சொன்னது. காணியில் யார் இருந்தார் என்ற உண்மையை அது மாற்றவில்லை. அந்த உண்மையை எண்ணும் முறையை மாற்றியது. பதிந்ததைத் தொடாமல், பதிந்ததை வாசிக்கும் விதியை மட்டும் மாற்றுவதும் திருத்தத்தில் ஒரு வகை.

பலர் ஒரே நேரத்தில் மாற்றும்போது என்ன நடக்கும் என்பதைத் தமிழர் தினமும் காணக்கூடிய இடம் தமிழ் விக்கிப்பீடியா. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் 2003இல் முன்னின்று வளர்க்கத் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில், ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாறு என்றொரு பக்கம் உண்டு. முதல் நாள் எழுதிய இரண்டு வரிகூட அங்கே எடுக்கலாம். ஒருவர் செய்த விசமத்தை இன்னொருவர் மீளமைத்தால், விசமமும் மீளமைப்பும் இரண்டும் வரலாற்றில் நிற்கும். இருவர் ஒரே பந்தியை ஒரே நேரத்தில் தொட்டால், பிந்திச் சேமிப்பவரிடம் முரண்பாட்டைத் தீர்க்கும்படி கேட்கும். கூகுள் ஆவணங்கள் போன்றவை கேட்காமலே இணைத்துவிடுகின்றன. அதற்கான கணிதம் 1989இல் எலிஸ், கிப்ஸ் இருவரின் ஆய்விலிருந்து வருகிறது. கட்டுரைக்கு அது பொருந்தும். காணிக்குப் பொருந்தாது: இரண்டு உறுதிகளை இயந்திரம் தன்பாட்டில் இணைப்பதை எவரும் ஏற்கமாட்டார்கள்.

க.பொ.த. உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளைக்கும் இந்த ஒழுக்கம் தெரியும். பேரேட்டில் வழு கண்டால் இலக்கத்தை அழிப்பதில்லை. நாளேட்டில் வழுத்திருத்தப் பதிவு போடவேண்டும், காரணம் தெரியாத வித்தியாசம் தொங்கல் கணக்கில் நிற்கவேண்டும். பதிப்புத்துறையிலும் இதைக் காணலாம். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பல ஏடுகளை ஒப்புநோக்கித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றிய காலம்தொட்டு, மூலத்தை ஒன்றாகவும் வேறுபாடுகளை அடிக்குறிப்பாகவும் தரும் முறை தமிழில் வேரூன்றியது. ஏட்டை எழுதியவர் தன் மனம்போலத் திருத்திவிட்டு, திருத்தியதைச் சொல்லாமல் போன இடங்களில்தான் பதிப்பாசிரியர்கள் மிகவும் அவதிப்பட்டார்கள்.

எல்லாவற்றையும் வைத்திருப்பதற்கு விலை இல்லையா? உண்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒரு வரியை மாற்றும்போது பழையதன் மேல் எழுதாமல் புதிய வரியைச் சேர்க்கிறது. ஆகவே எவருக்கும் வேண்டாத பழைய வரிகளை அவ்வப்போது பெருக்கித் தள்ளவேண்டியிருக்கிறது. இடத்தின் விலை இன்று பெரிதல்ல. தேடும் விலைதான் பெரிது. முப்பது ஆண்டுகளுக்கான பக்கங்களைப் புரட்டி உரித்தை நிறுவ ஒரு வழக்கறிஞருக்கு எடுக்கும் நேரத்தைக் காணி வாங்கிய எவரும் அறிவார்.

இன்னொரு விலை கனமானது. 1983 யூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையின்போது கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்பது பல சாட்சியங்களில் பதிவானது. பெயர்ப் பட்டியல் கொலைக் கருவியாகக்கூடிய நாட்டில், எதையும் அழிக்கமுடியாத பதிவேடு எல்லாருக்கும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தம் கேட்கும் உரிமையோடு அழிக்கக் கேட்கும் உரிமையையும் வகுத்தது. வரலாற்றைத் தொடாத முறைகளில் இதை நிறைவேற்ற ஒரு வழி உண்டு. ஒவ்வொருவரின் விபரத்தையும் தனித் திறவுகோலால் பூட்டி எழுதுவது. அழிக்கவேண்டி வந்தால் திறவுகோலை அழிப்பது. பதிவு இருக்கும், ஒழுங்கு இருக்கும், வாசிக்க முடியாது. மறுபக்கத்தில், 1981 யூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 அளவிலான நூல்களும், வேறெங்கும் இல்லாத ஏடுகளும் போயின. மூன்று பிரதி எழுதும் நொத்தாரிசின் பழக்கம் அந்த ஏடுகளுக்கு இருந்திருந்தால் இழப்பு இவ்வளவாகியிருக்காது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சுகளையும் ஏடுகளையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைப்பது இந்தப் படிப்பினையால்தான். அழிப்பதற்கான உரிமை ஆளுக்கு வேண்டும். கும்பலுக்கும் அரசுக்கும் அது எட்டக்கூடாது. எந்த முறையிலும் கடினமான பகுதி இதுவே.

இனி முடிவெடுக்கவேண்டிய இடத்துக்கு வருவோம். இலங்கையில் இரண்டு காணிப் பதிவு முறைகள் அருகருகே இருக்கின்றன. உறுதிகளைப் பதியும் பழைய முறை வரலாற்றை வைத்திருக்கிறது. இன்று உரித்தாளர் யார் என்பதை வாசிப்பவரே கணக்கிட்டு அறியவேண்டும். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. பிம் சவிய என்ற பெயரில் 2007 முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில், காணி அளக்கப்பட்டு, உரிமை கோருவோர் வர்த்தமானி மூலம் அழைக்கப்பட்டு, விசாரித்த பின் ஒரு சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. அதன் பிறகு பழைய உறுதிகளைப் புரட்டவேண்டியதில்லை. தேடும் விலை ஒரேயடியாகக் குறைகிறது. வாங்குபவருக்கும் வங்கிக்கும் இது பெரிய வரம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் குடாநாட்டில் பாதிக் காணிக்காரர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். வர்த்தமானி அறிவித்தல் கண்ணில் படாதவரின் உரிமை, விசாரணை முடியும் நாளில் ஏட்டின் பின்பக்கத்துக்குப் போய்விடக்கூடும். கணினித் துறை இதே போட்டியை ஏற்கெனவே கண்டு, ஒரு தீர்வுக்கு வந்திருக்கிறது: இன்றைய நிலையைக் காட்டும் பட்டியலும் வேண்டும், நடந்தவற்றின் தொடரும் வேண்டும், பட்டியல் தொடரிலிருந்து பிறக்கவேண்டும், சந்தேகம் வந்தால் தொடரிலிருந்து மறுபடி கட்டப்படக்கூடியதாக இருக்கவேண்டும். 2012இல் வெளியான டேட்டோமிக் போன்ற தரவுத்தளங்கள் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. காணிக்கு இதைச் செய்வது அத்தனை கடினமல்ல. உரித்துச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும், அது எந்தப் பதிவகத்தின் எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற இலக்கத்தை அச்சிடவேண்டும். அந்தப் பழைய பக்கத்தின் அடியிலும் சான்றிதழின் இலக்கம் ஏறவேண்டும். பக்கம் நிரம்பும்போது பதிவகத்து எழுதுவினைஞர்கள் இவ்வளவு காலமும் கையால் செய்துவந்த வேலைதான் அது.